மே 6-க்குக் கேட்ட கேக், ஜூன் 5-க்கு புக் ஆன கதை

போன எபிசோடுல ஏஐ ஏஜென்ட்னா என்னன்னு பேசினோம். இன்னைக்கு அந்த ஏஜென்ட் கையில நாம கொடுக்கிற டூல்களைப் பத்திப் பார்ப்போம். டூலோட கோட் இல்ல, அதுக்கு மேல எழுதுற ரெண்டு வரி விளக்கம். அதை நான் ஒழுங்கா எழுதாததால ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாளுக்குக் கேக் போகல. அதனாலதான் இந்த டாபிக்.

ஒரு சின்ன பேக்கரிக்கு சாட் ஏஜென்ட் செஞ்சு கொடுத்தேன். ஏற்கெனவே ஆர்டர் பண்ணின ஒருத்தங்க, "டெலிவரியை மே 6-க்கு மாத்திடுங்க"ன்னு கேட்டாங்க. ஏஜென்ட் என்னோட டூலைக் கூப்பிட்டு 05/06-ன்னு தேதியைக் கொடுத்துச்சு. அமெரிக்க வழக்கப்படி மாசம் முதல்ல, அதாவது மே 6. என் கோட் நம்ம ஊர் வழக்கப்படி நாளை முதல்ல படிச்சுது, அதாவது ஜூன் 5. ரெண்டுமே செல்லுபடியாகிற தேதி, எரர் எதுவும் வரல. மே 16-ஆ இருந்திருந்தா, 16-வது மாசம் எங்கேன்னு கோட் அங்கேயே நின்னிருக்கும். மே 6 சாயங்காலம் அந்த அம்மா கடைக்கு போன் பண்ணி, "கேக் எங்கே?"ன்னு கேட்டப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது.

அந்த டூலுக்கு நான் எழுதியிருந்த விளக்கம்: "ஆர்டர் தேதியை மாற்றும்." அவ்வளவுதான்.

இங்க உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கணும். மாடலுக்கு நம்ம கோட் தெரியாது. டூலோட பேர், அதோட விளக்கம், என்னென்ன இன்புட் கொடுக்கணும்ங்கிற பட்டியல், இந்த மூணும்தான் அதுக்குப் போகுது. அதுவும் நாம டைப் பண்ற கேள்வி மாதிரியே வெறும் எழுத்தா. அதைப் படிச்சுட்டு, எந்த டூல், என்ன மதிப்புன்னு மாடல் ஒரு ஜேசான் எழுதித் தரும். அதை எடுத்து ஓட்டுறது நம்ம புரோகிராம். 2023 ஜூன்ல ஓபன்ஏஐ தன்னோட ஏபிஐ-ல ஃபங்ஷன் காலிங் கொண்டு வந்ததும், 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபி வெளியிட்டதும் அடிப்படையில இதே ஏற்பாடுதான். ஒரு புரோகிராமருக்கு விளக்கம் புரியலைன்னா கோடைத் திறந்து பார்ப்பார், பக்கத்து சீட்டுல கேட்பார். மாடலுக்கு ரெண்டு வழியும் இல்ல. ஊகிக்கும்.

பெரிய டீம்களுக்கும் இது நடக்குது. ஆந்த்ரோபிக் தன்னோட வெப் சர்ச் டூலை வெளியிட்டப்போ, மாடல் தேவையே இல்லாம தேடல் வார்த்தைகளோட "2025"-ன்னு சேர்த்துக்கிட்டே இருந்துச்சாம். டூலோட விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிபண்ணினதா அவங்களே எழுதியிருக்காங்க.

நான் மாத்தி எழுதினதைத் தமிழ்ல சொல்றேன்: "ஏற்கெனவே பதிவான ஆர்டரின் டெலிவரி தேதியை மட்டும் மாற்றும். புது ஆர்டர் போடவோ, ரத்து செய்யவோ இதைப் பயன்படுத்தாதே. தேதி 2025-05-06 போல வருடம், மாதம், நாள் வரிசையில் இருக்க வேண்டும். வெற்றி பெற்றால் புதிய தேதியை மாதப் பெயருடன் திருப்பித் தரும். அதை வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்."

இதுல எனக்கு ரொம்ப உதவினது "பயன்படுத்தாதே"ங்கிற வரி. பக்கத்துலேயே ரத்து பண்ற டூலும் இருக்கு. "அந்த தேதி வேணாம்"னு யாராவது சொன்னா எதைக் கூப்பிடணும்ங்கிற எல்லையை நாமதான் போட்டுக் கொடுக்கணும். கடைசி வரியும் சும்மா இல்ல. "ஜூன் 5-க்கு மாத்திட்டோம்"னு திரும்பி வந்திருந்தா, அந்த அம்மாவே அப்பவே பிடிச்சிருப்பாங்க.

எரர் மெசேஜும் விளக்கம்தான். "தவறான இன்புட்"னு மட்டும் வந்தா மாடல் வேற எதையாவது முயற்சி பண்ணும். "வருடம் முதலில் வர வேண்டும், உதாரணம் 2025-05-06"ன்னு வந்தா அடுத்த தடவையே சரியா அனுப்பும். அதுக்காகப் பக்கம் பக்கமா எழுதவும் கூடாது. இந்த வரிகள் மாடலுக்கு ஒவ்வொரு தடவையும் போகுது, டோக்கன் செலவு. இன்னொண்ணு, விளக்கத்தைப் பூட்டுன்னு நினைச்சுக்காதீங்க. "டெலிவரி ஆன ஆர்டரை மாத்தாதே"ன்னு எழுதலாம், ஆனா தடுக்க வேண்டியது கோட்தான்.

அப்புறம் கடைக்கு வந்த பழைய மெசேஜ்களை எடுத்து ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்தேன். "நாளன்னைக்கு"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இன்னைக்கு என்ன தேதின்னு நாம சொன்னாத்தானே மாடலுக்குத் தெரியும்? அதைச் சேர்த்தேன். அடுத்து "அடுத்த வெள்ளிக்கிழமை" வந்துச்சு. இந்த வாரமா, அடுத்த வாரமா? எங்க வீட்டுலயே இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. அதனால விளக்கத்துல இன்னொரு வரி போட்டேன்: "தேதி தெளிவாக இல்லையென்றால், இந்த டூலை அழைக்கும் முன் வாடிக்கையாளரிடம் கேள்."