இரவில் திரியும் பல்லியின் கண்ணில் இரவுப் புரதம் இல்லாதது ஏன்?

ஐயங்கார்குளம் போன்ற ஊர்களில் வேலியில் வெயில் காயும் ஓணானும், சுவரில் இரவுப் பூச்சி தேடும் பல்லியும், ஏரிக்கரையில் பகலில் எலி தேடும் சாரைப்பாம்பும் ஒரே மரபின் கிளைகளே எனினும், அவற்றின் கண்களில் ஒளியை ஏற்கும் ஆப்சின் என்னும் புரதங்கள் ஒன்றுபோல் இல்லை. வைட்டமின் ஏயிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறைத் தன்னுள் பொதிந்திருக்கும் ஆப்சின், ஒளி பட்டு அம்மூலக்கூறு வடிவம் மாறும்போது தானும் மாறி நரம்புக் குறிப்பை எழுப்புகிறது. புரதத்தின் சில அமினோ அமிலங்கள் மாறினாலே அது ஏற்கும் நிறமும் மாறிவிடும்.

ஆதி முதுகெலும்பிகளிடம் பார்வைக்குரிய ஆப்சின்கள் 5 வகை இருந்தன. அவற்றுள் நான்கு, பகலில் நிறம் காணும் கூம்புச் செல்களுக்கும், ரோடாப்சின் என்ற ஒன்று மங்கலொளியை உணரும் கோல் செல்களுக்கும் உரியவை. பாம்புகளின் முன்னோர், மண்ணுக்கடியிலோ மங்கிய ஒளியிலோ வாழ்ந்தமையால் போலும், இரு கூம்பு ஆப்சின்களை இழந்தும் ரோடாப்சினைக் காத்துக்கொண்டனர்.

பல்லியின் கதையே விந்தையானது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பக்தர்கள் தொட்டு வணங்கும் தங்கப் பல்லிக்கு நிகராக, உயிருள்ள பல்லியின் விழித்திரையும் வியப்புக்குரியது. இரவில் இரை தேடும் அதற்கு ரோடாப்சின் அறவே இல்லை. பகலில் வாழ்ந்த முன்னோரிடம் கோல் செல்கள் மறைந்துபோக, பின்னர் இரவுக்குத் திரும்பிய பல்லிகளில் எஞ்சிய கூம்புச் செல்களே நீண்டு தடித்துக் கோல்களின் வேலையை ஏற்றன என்று 1934இல் கார்டன் வால்ஸ் கருதினார். பின்னாளைய மரபணு ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. கூம்பின் புரதங்களே நீடிப்பதால், மனிதருக்கு நிறமே தெரியாத மங்கிய நிலவொளியிலும் தலைக்கவசப் பல்லி நிறங்களைப் பிரித்தறிவது 2004இல் காட்டப்பட்டது.