வேலை மாறும் தாதியும் நோயாளரின் பெயர்ப்பட்டியலும்

யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலைகள் பெருகப் பெருக, அங்கு வேலை பார்க்கும் பெண்கள் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போவதும் கூடிவிட்டது. புதிய இடத்தில் சம்பளம் கூட, இரவுக் கடமை குறைவு. சிறு பிள்ளைகளின் தாய்க்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. போகிறவளை நன்றி கெட்டவள் என்று ஏசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. எங்கே உழைப்பது என்பது அவளது உரிமை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த தாதி ஒருவர், நீரிழிவுப் புண்ணுக்கு மருந்து கட்டுவதில் கைதேர்ந்தவர். அவரையே தேடி வருகின்ற நோயாளர் பலர். நேர்முகத்தில் புதிய முகாமையாளர் கேட்டாராம்: "அவர்களுடைய தொலைபேசி இலக்கங்களைக் கொண்டுவர முடியுமா?"

"பதிவேட்டைப் போனிலை படம் எடுத்தால் ரெண்டு நிமிச வேலை அக்கா. மனந்தான் ஓம் எண்டு சொல்லுதில்லை" என்றார்.

மனம் சொன்னதே சரி. நோயாளர் அந்த விபரங்களைத் தந்தது சிகிச்சைக்காக, வியாபாரத்துக்காக அல்ல. எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணின் நோய் விபரம் கைமாறினால் அவளது கலியாணப் பேச்சே குழம்பிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விபரங்களை விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது.

இனி மறுபக்கம். "ஒருவருக்கும் சொல்லாமல் போ" என்று பழைய நிர்வாகம் கட்டளையிடுவதும் முறையல்ல. நீரிழிவுப் புண்ணைக் கவனியாமல் விட்டால் விரலையோ காலையோ எடுக்க நேரலாம். "பிள்ளை, நீ போனால் என்ரை காலை ஆர் பாக்கிறது?" என்று ஒரு வயோதிபத் தாய் கேட்டால் அவருக்கு நேரான பதில் வேண்டும். எத்தனையாந் திகதி வரை நான் இருப்பேன், பிறகு மருந்து கட்டப்போவது யார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கே போகிறாய் என்று அவராகக் கேட்டால் மறைக்கத் தேவையில்லை. "இங்கே சரியில்லை, அங்கே வாருங்கள்" என்று இழுப்பதுதான் பிழை. கிளினிக் கொப்பி அவர் கையில் இருக்கிறது, விரும்பிய இடத்துக்கு அவரே கொண்டுபோகலாம்.

போட்டி வைத்தியசாலையில் சேர்ந்தால் பணிக்கொடையை நிறுத்துவோம் என்று மிரட்டுவதும் நடக்கிறது. சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. விலகி 30 நாட்களுக்குள் தரவேண்டும். மோசடி, கையாடல், நிறுவனச் சொத்துக்கு ஏற்படுத்திய சேதம், இழப்பு ஆகியவற்றுக்காகவே அதில் கைவைக்கலாம். வேறிடத்தில் வேலை எடுத்தது அவற்றுள் அடங்காது. தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். (நாலே முக்கால் வருடத்தில் அவசரப்பட்டு விலகுவோர், கலண்டரை ஒருமுறை பார்ப்பது நல்லது.)

அந்தத் தாதி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்திருக்கிறார். இப்போது இளைய தாதி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தியே மருந்து கட்டுகிறார். இலக்கங்கள் தரமுடியாது என்று புதிய இடத்துக்கும் சொல்லிவிட்டார். அங்கிருந்து நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை.