ஒரு நோயாளியும் 20,000 நஞ்சுக்கொடிகளும்

பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைப் புதைத்துவிடுகிறோம். அதன் வேலை அத்தோடு முடிந்தது என்பது நம் எண்ணம். ஆனால் 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மருந்தை, ஒரே நோயாளிக்கு ஓராண்டுக்குத் தயாரிக்கச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன என்றால் நம்புவீர்களா?

நோயின் பெயர் கோஷே. 1882இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு வைத்தியர் இதை விவரித்தார். பழைய இரத்தக் கலங்கள் அழியும்போது மிஞ்சும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க நம் உடலில் ஒரு நொதியம், அதாவது என்சைம், இருக்கிறது. அது குறைந்தால் அக்கொழுப்பு ஈரலிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் தேங்கும். பிள்ளையின் வயிறு ஊதும், இரத்தம் குறையும், எலும்பு நோகும். பூச்சி என்று பேதி மருந்து கொடுப்பார்கள், கண்ணூறு என்பார்கள். ஓதிப் பாருங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊதிய வயிற்றை வைத்தியரிடமும் காட்டுங்கள்.

இன்னொன்று. இப்படிப் பிள்ளை பிறந்தால் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. இது அநியாயம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள பரம்பரையலகு வந்தால்தான் இந்நோய் வரும். அவ்விருவரும் சுகதேகிகளாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் கூடுகிறது. மாமி மகனை முடிப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை.

குறைவது எந்த நொதியம் என்று 1960களில் கண்டறிந்தவர் அமெரிக்காவின் ரோஸ்கோ பிரேடி. நஞ்சுக்கொடியில் அது இருந்தது. எடுத்து ஊசியாக ஏற்றினார்கள். ஆனால் போகவேண்டிய கலங்களுக்கு அது போதியளவு போய்ச் சேரவில்லை. நொதியத்தின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியை வெட்டிவிட்ட பிறகுதான், விலாசம் சரியாக எழுதிய கடிதம்போல, உரிய இடத்தை அடைந்தது. ஊதிய வயிறுகள் வற்றத் தொடங்கின.

என்றாலும் எத்தனை நஞ்சுக்கொடிகளைத்தான் சேர்ப்பது? அந்த நொதியத்தை ஆக்கும் மனிதப் பரம்பரையலகை, ஹம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சூலகத்திலிருந்து வந்து ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கலங்களில் புகுத்தினார்கள். கலங்கள் பெருகப் பெருக நொதியமும் பெருகியது. 1994இல் இம்மருந்து அனுமதி பெற்றது. 2012இல் கரட் கலங்களில் ஆக்கியதும் வந்தது. நம் கறிச்சட்டிக்குப் போகும் அதே கரட்தான்!

விலைதான் பயங்கரம். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலரையும் தாண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டும். மூளையைத் தாக்கும் கோஷே வகைகளில், இரத்தத்தில் ஏற்றும் நொதியம் மூளைக்குள் போவதில்லை. அதற்கு வழி தேடும் ஆய்வுகூடங்களுக்கு இதே மனித நொதியம் சிறுசிறு குப்பிகளில் விற்கப்படுகிறது. ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குக் கொடுக்கக்கூடாது என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும்.