பளிங்கில் ஓதியவர்

சிற்பி ஜியாம்போலோஞ்ஞா 1608இல் ஃபுளோரன்ஸ் நகரில் மறைந்தபோது, ஐரோப்பிய மறுமலர்ச்சியின் பிற்காலச் சிற்பக்கலை மனித உடலின் அசைவையே பளிங்கில் தேடிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ஷீராஸிலிருந்து இந்தியா வந்த அப்துல் ஹக் தேடியது எழுத்தின் அசைவை. சிக்கந்தராவில் அக்பர் கல்லறையின் வாயிலெழுத்துகளை 1613இல் அமைத்த அவருக்கு, ஷாஜஹான் 1632இல் 'அமானத் கான்' என்னும் பட்டம் அளித்தார்.

தாஜ்மஹாலின் பெருவாயிலில் அல்ஃபஜ்ர் அத்தியாயமும் கல்லறை மாளிகையின் முகப்புகளில் யாஸீன் அத்தியாயமும் அவர் வரைந்த துலுத் எழுத்தில் விளங்குகின்றன. அவர் வரைந்தபடி கல்தச்சர் வெண்பளிங்கை அகழ்ந்து கரும்பளிங்கைப் பதித்தனர். உயரம் கூடக்கூட எழுத்தும் பெரிதாகிறது. கீழே நிற்பவர் கண்ணுக்கு அடியெழுத்தும் உச்சியெழுத்தும் ஒரே அளவாய்த் தோன்றும். வெறும் அலங்காரமென இதனைக் கடந்துபோவோர் பலர். ஓதப்படுவதற்கென்றே எழுதப்பட்டது என்பதற்கு இக்கணக்கே சான்று.

தாஜ்மஹாலில் கையொப்பமிட்ட கலைஞர் இவர் ஒருவரே. மைக்கேலாஞ்சலோ 'பியத்தா' சிலையில் அன்னை மர்யமின் மார்புப் பட்டையில் தம் பெயரைப் பொறித்தார். அமானத் கானோ மாளிகையின் உள்ளே, மறைவசனங்களின் முடிவில், தம்மை எளியோன் எனச் சொல்லி ஹிஜ்ரீ 1048ஐக் குறித்தார்.

ஷாஜஹானின் அமைச்சராயிருந்த சகோதரர் அஃப்சல் கான் 1639இல் இறந்ததும் அவர் அரசப் பணியைத் துறந்தார். அமிர்தசரசுக்கு அருகே வழிப்போக்கருக்காக ஒரு சராய் கட்டி, அதன் வாயிலெழுத்தையும் தாமே எழுதினார். அவ்வூர் இன்றும் சராய் அமானத் கான் என்றே வழங்குகிறது.