வீசிங், வாந்தி, வயிற்றுவலி... பிள்ளையின் இதயத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்!

மழைக்காலம் வந்துவிட்டால் பட்டினப்பாக்கத்தில் காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. சீனிவாசபுரமோ, ஹவுசிங் போர்டு குடியிருப்போ, ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் வந்துவிடும். கஷாயம், காய்ச்சல் மருந்து, நாலு நாள் ஓய்வு என்று பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். மிகச் சிலருக்கு மட்டும் அதே வைரஸ் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. 'மயோகார்டைட்டிஸ்' எனப்படும் இந்தப் பாதிப்பு அரிதானதுதான். ஆனால், தவறவிட்டால் ஓரிரு நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

ஏன் ஏமாந்துபோகிறோம்?

'நெஞ்சு வலிக்குதும்மா' என்று சொல்லச் சின்னக் குழந்தைக்குத் தெரியாது. இதயம் ரத்தத்தை பம்ப் செய்யும் வேகம் குறைந்ததும் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும். அதை வீசிங் என்று நினைத்துவிடுவோம். கல்லீரல் வீங்குவதால் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். அதை 'சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவோம்.

காக்ஸாக்கி, அடினோ, பார்வோ போன்ற வைரஸ்கள் முக்கியக் காரணம். டெங்குவும் சில நேரம் இதயத்தைத் தொடும். 2020-ல் கொரோனா வந்துபோன சில வாரங்களில், பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி குழந்தைகளிடம் தென்பட்டது. அது இதயத்தையும் பாதித்தது. சென்னையில் 4 மருத்துவமனைகளில் பார்த்த 19 குழந்தைகளைப் பற்றி 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் மருத்துவர்கள் அப்போது எழுதினார்கள். தொண்டை அடைப்பான் நோயும் இதயத் தசையைக் கெடுக்கும். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போடும் பூஸ்டரை மறக்கக் கூடாது.

அம்மாக்கள் கவனிக்க...

* காய்ச்சல் இறங்கிய பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பது.
* தூங்கும்போதும் வேகமாக மூச்சு வாங்குவது. ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் 5 வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே வேகம்தான்.
* பால் குடிக்கும்போது களைத்துப்போய் விட்டுவிட்டுக் குடிப்பது, நெற்றி வியர்ப்பது.
* கை, கால் ஜில்லிட்டு, முகம் வெளுத்துப்போவது; சிறுநீர் குறைவது.
* ஓடி விளையாடிய பிள்ளை படியேறவே சோர்ந்துபோவது, நெஞ்சுவலி, மயக்கம்.

சளி, காய்ச்சலுடன் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம், கடுமையான மூச்சுத்திணறல் என்றால் 108-தான். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை எந்த நேரமும் இயங்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் பரிசோதனை மருத்துவரின் கையும் ஸ்டெதஸ்கோப்பும்தான். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். அதையும் மீறித் துடித்தால் சந்தேகம் வரும். வயிற்றைத் தொட்டு, கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அடுத்து ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. ரத்தத்தில் 'ட்ரோபோனின்' கூடியிருந்தால் இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். எக்கோ பரிசோதனையில் இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பது நேரடியாகத் தெரியும். வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குழந்தை ஓரளவு தேறியபின் எம்.ஆர்.ஐ. எடுத்தால் தசையின் வீக்கத்தையே பார்க்கலாம். தசைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி சிலருக்கு மட்டுமே தேவைப்படும். ஈ.சி.ஜி. ஒன்று நார்மல் என்று வந்தாலும், அறிகுறி தொடர்ந்தால் மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

முக்கியமான இன்னொன்று: வாந்தி, சோர்வு என்று டிரிப்ஸ் ஏற்றிய பிறகு மூச்சு இன்னும் வாங்கினால், உடனே மருத்துவரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள். பலவீனமான இதயத்துக்கு அதிக நீர் பாரம்.

குணமான பிறகு...

சரியான நேரத்தில் ஐ.சி.யூ. சிகிச்சை கிடைத்தால் நிறைய குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள். வீட்டுக்கு வந்த பின் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஓட்டம், கிரிக்கெட், நீச்சல் வேண்டாம். மணலில் பந்து விளையாடக் கூப்பிடும் நண்பர்களிடம் 'டாக்டர் சரின்னு சொல்லட்டும்' என்று பிள்ளையே சொல்லும்படி பழக்கிவிடுங்கள். எக்கோ, ஈ.சி.ஜி. பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகு கடற்கரை எங்கும் ஓடிப்போய்விடாது!