ஒளிர்வதும் கொல்வதும்

1900ஆம் ஆண்டில் மியூனிச்சிலிருந்து ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளிரும் சாயங்கள் நுண்ணுயிர்களை என்ன செய்கின்றன என்பது அதன் பொருள். அக்ரிடீன் கலந்த நீரிலிருந்த பரமேசியங்கள் வெளிச்சத்தில் விரைவாக மடிந்தன, இருட்டில் தாக்குப்பிடித்தன. சாயத்தின் ஒளிர்வே கொல்கிறது என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் ஒட்சிசன் இல்லாமல் இது நடக்காது என்பதை அவருடைய பேராசிரியர் ஹேர்மன் ஃபொன் தாப்பைனர் 1904 அளவில் காட்டினார். உலோக நனோத்துகள்கள் பற்றிய இன்றைய ஆரவாரத்திலும் அந்தப் பழைய மயக்கம் எட்டிப் பார்க்கிறது.

ஒளியை விழுங்கிய சாய மூலக்கூறு அச்சக்தியை எங்காவது விட்டாக வேண்டும். மீண்டும் ஒளியாக உமிழலாம்; இது ஒளிர்வு. அல்லது ஒட்சிசனுக்குக் கைமாற்றலாம்; அந்த ஒட்சிசன்தான் கலத்தை அழிக்கிறது. ஒரு வழியில் போனது மற்ற வழிக்கு மிஞ்சாது.

மருத்துவத்திற்கு இரண்டும் வேண்டும். வால்டர் ஸ்டும்மர் தலைமையில் ஜேர்மன் மருத்துவமனைகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மூளைப் புற்றுநோயாளருக்கு 5-அமினோலெவுலினிக் அமிலம் பருகக் கொடுத்தார்கள். கட்டியில் போபிரின் சேர்ந்து, நீல வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிர்ந்தது. கட்டி முழுதாக அகற்றப்பட்டோர் 65 வீதம். சாதாரண வெளிச்சத்தில் சத்திரசிகிச்சை பெற்றோரில் 36 வீதம்.

இந்த ஒளிர்வைக் கூட்டத்தான் வெள்ளியும் தங்கமும் வருகின்றன. துகளிலுள்ள இலத்திரன்கள் ஒன்றாக அசைந்து ஒளியைத் தம்மருகே குவிக்கின்றன. (தங்கக் கரைசல் ஏன் சிவப்பு என்று குஸ்தாவ் மீ 1908இல் கணக்கிட்டது இந்த அசைவைத்தான். தங்கபஸ்பத்துடன் முடிச்சுப்போட வேண்டாம்.) சாயம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சக்தியை உலோகமே விழுங்கி வெப்பமாக்கும், ஒளிர்வு அணையும். சுமார் பத்து நனோமீற்றர் விலகியிருந்தால் பிரகாசிக்கும். அதனால்தான் துகளுக்குச் சிலிக்கா உறை போடுகிறார்கள்.

சிக்கல் இனித்தான். உலோகம் ஒளியைக் குவிப்பது மட்டுமென்றால் ஒளிர்வும் ஒட்சிசன் வேலையும் சேர்ந்தே கூடும். ஆனால் அது மூலக்கூறை விரைந்து ஒளி உமிழவும் தூண்டும். அப்போது ஒட்சிசனுக்குக் கைமாற்ற அவகாசம் குறைகிறது. கட்டியின் எல்லை காண இது நல்லது, கட்டியைக் கொல்ல அல்ல. ஆகவே ‘பல மடங்கு ஒளிர்வு’ என்ற செய்தியைப் படிக்கும்போது, ஒட்சிசனை அளந்தார்களா என்று கேட்கவேண்டும்.

ஆழமும் ஒரு தடை. வெள்ளித்துகளுக்கு ஒத்துவரும் நீல ஒளி தசைக்குள் அதிகம் இறங்காது. சில மில்லிமீற்றர் இறங்கும் சிவப்பு ஒளிக்குத் தங்கக் கோல்கள் தேவை. உடலில் செலுத்திய தங்கமோ ஈரலிலும் மண்ணீரலிலும் நெடுங்காலம் தங்கிவிடும். வெயிலால் வரும் புற்றுக்கு முந்திய தோல் தடிப்புகளுக்கு இங்குள்ள தோல் வைத்தியர்கள் செய்யும் ஒளிச்சிகிச்சை, பூச்சு மருந்தும் சிவப்பு விளக்கும் கொண்டு, உலோகம் ஏதுமின்றியே நடக்கிறது.