எதிர்முனையில் நின்றவர்

கிரிக்கெட்டில் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளாமல், தம் அணியின் தோல்வியைப் பார்த்து நிற்கும் நிலை ஒருவருக்கு நேர்வதுண்டு. 1882 ஆகஸ்டுத் திங்களில், இலண்டன் ஓவல் திடலில் சார்லஸ் தாமஸ் ஸ்டட் என்னும் இளைஞருக்கு அந்நிலை நேர்ந்தது. ஆஸ்திரேலியரை வெல்ல இங்கிலாந்துக்கு 85 ஓட்டங்களே தேவை. அவ்வாண்டில் அதே ஆஸ்திரேலியருக்கு எதிராக இரு சதங்கள் அடித்தவர் ஸ்டட். எனினும் அவரைப் பத்தாவது ஆட்டக்காரராகவே இறக்கினர். எதிர்முனையில் அவர் நிற்க, இறுதி விக்கெட்டும் வீழ்ந்தது. இங்கிலாந்து 7 ஓட்டங்களில் தோற்றது. அத்தோல்வியிலிருந்து பிறந்ததே ‘ஆஷஸ்’ போட்டி. அச்சன்புதூரில் அறுவடை முடிந்த வயலில் மட்டை பிடிக்கும் சிறுவனும் இன்று அப்பெயரை அறிவான்.

அடுத்த பருவத்தில் ஆஸ்திரேலியா சென்று வெற்றியுடன் மீண்ட அணியிலும் ஸ்டட் ஆடினார். 1883-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்குத் தலைவரானார். அந்நிலையில் அண்ணன் ஜார்ஜ் கடும் நோயுற்றார். உயிர் ஊசலாடும் வேளையில் புகழ் எதற்கு உதவும் என்ற வினா ஸ்டட்டின் உள்ளத்தைத் தைத்தது. அண்ணன் பிழைத்தார், ஆனால் வினா அகலவில்லை. 1885-இல், ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ எனப்பட்ட குழுவில் ஒருவராகச் சமயப் பணிக்குச் சீனா சென்றார்.

அவருடைய தந்தை, பீகாரின் திர்ஹத் பகுதியில் அவுரித் தோட்டங்களால் பெரும்பொருள் ஈட்டியவர். அச்செல்வத்தில் தமக்கு வந்த பங்கை ஸ்டட் அறப்பணிகளுக்கு வழங்கினார். அதில் ஒரு பகுதி, இந்தியாவில் இயங்கிய இரட்சணிய சேனைக்குச் சேர்ந்தது. இந்திய உழவரின் உழைப்பில் விளைந்த பொருளில் சிறிதேனும் இந்நாட்டுக்கு மீண்டது எனலாம். பின்னர் 1900 முதல் 1906 வரை நம் நீலகிரியில், உதகமண்டலத்து யூனியன் சபையின் போதகராக இருந்தார்.

ஐம்பது வயதுக்குமேல் ஆப்பிரிக்கா சென்றார். 1916-இல் காங்கோவுக்குப் புறப்பட்டபின் அவர் தாயகம் திரும்பவே இல்லை. உடல்நலம் குன்றியிருந்த மனைவி பிரிசில்லா, 1928-இல் அங்கு வந்து சில நாட்களே உடனிருந்தார். மறு ஆண்டு மறைந்தார். ஸ்டட் 1931-இல் இபாம்பியில் காலமானார்.

தம் பொருளைத் துறப்பது ஒருவரின் உரிமை. ஆயின் அத்துறவின் சுமையில் ஒரு பகுதியைத் தொலைவிலிருந்த மனைவியும் சுமந்தார். பெரியோர் வாழ்வைக் கற்கும்போது, அவர்களோடு சேர்ந்து இழந்தவர்களையும் எண்ணிப் பார்ப்பீர்களாக. அதனால் அவர்தம் பெருமை குறையாது. நம் மதிப்பீடு நேர்மை பெறும்.